கரட்டுத்தோட்டத்து ஆறு வீட்டு லைன்

போன மாதம் ராசிபுரத்தில் நான் வேலை பார்த்த பழைய ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். இப்போது அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள், நல்ல சுறுசுறுப்பு. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்களில் ஒருவர் கேட்டார்: "சார், உங்க சர்வீஸ்லயே ரொம்பப் படுத்துன ஃபால்ட் எதுங்க?" புயலில் போஸ்ட் சாய்ந்தது, செம்புக் கம்பியைத் திருடர்கள் சுருட்டிக்கொண்டு போனது, இந்த மாதிரி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். நான் கரட்டுத்தோட்டம் என்றேன். அங்கே என்ன அறுந்தது என்றார். ஒன்றும் அறுந்துபோகவில்லை என்றேன். அப்புறம் என்ன ஃபால்ட் என்று சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. எனக்கு அதை நினைத்தாலே இன்றைக்கும் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

நான் டெலிபோன் இலாகாவில் சேர்ந்தது போஸ்ட் ஏறும் வேலைக்கு. செம்புக் கம்பி முறுக்கக் கற்றேன், பிறகு பரீட்சை எழுதி மெக்கானிக் ஆனேன், தலை நரைக்கிற நேரத்தில் கண்ணாடி இழை இணைக்கப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். உண்மையில் என்னைப் பழக்கியது, பழக்கினார் என்பதைவிடப் பாடாய்ப் படுத்தியது, ஜமால் சார் என்ற சேலத்துக்காரர். ராசிபுரத்தில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தார்.

ஜமால் சார் யாரையும் திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை. போஸ்ட் ஏறுகிறவரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். வெள்ளைச் சட்டை, முழுக்கை, மே மாத வெயிலிலும் பொத்தான் போட்டிருப்பார். புகார் கொடுத்தவர் நின்றுகொண்டிருந்தால் தானும் நிற்பார். "நாமக்கல் ரோட்டுல ஒரு லைன்ல இரைச்சல் சார்" என்று போய்ச் சொன்னால் உடனே கேட்பார்: "அவங்க என்ன வார்த்தையில சொன்னாங்க?" இரைச்சல் என்றுதான் சார். "இரைச்சல்னு நீங்க சொல்றீங்க. அவங்க என்ன சொன்னாங்க?" தெரியாது என்று சொன்னால், திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வரச் சொல்வார். சைக்கிளில் திரும்பப் போக வேண்டும். வேலை முடிந்துவிட்டது என்றாலும் விடமாட்டார். "வாடிக்கையாளர் பேசிட்டாங்களா? நீங்க கேட்டீங்களா?" அவர்கள் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஆள் வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டும். இவரைவிட எரிச்சல் மூட்டுகிற மனிதர் ஜில்லாவிலேயே கிடையாது என்று அப்போது நினைத்தேன்.

ஒரு நெய் வியாபாரி விஷயத்தில்தான் அவர் ஏன் அப்படி என்று பிடிபட்டது. வாரக்கணக்கில் புகார். நாங்கள் போகும்போதெல்லாம் லைன் சுத்தமாக இருக்கும். கடைசியில் ஜமால் சாரே கடைக்கு வந்து, நெய் டின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஐயா, உங்க வாயால சொல்லுங்க" என்றார். அந்த மனிதர், "மத்தியானம் ஆச்சுன்னா போனுக்குள்ள கடுகு வெடிக்குதுங்க" என்றார். நாங்கள் எல்லாரும் வேலை நேரத்தை அனுசரித்துக் காலையில் போய்க்கொண்டிருந்தோம். உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால், தெருமுனைப் பெட்டிக்குள் ஒரு முறுக்கு தளர்ந்திருந்தது. சூடேறினால் விலகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். இனி கரட்டுத்தோட்டத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. ஜமால் சார் எப்போதோ ஓய்வு பெற்றுச் சேலத்துக்குப் போய்விட்டார். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போனால் மண் தடம். இருபுறமும் சோளக்காடு, மரவள்ளி, அங்கங்கே கோழிப்பண்ணை. தடம் முடிகிற இடத்தில் ஒரு கரடு, அதாவது மொட்டைப் பாறைக் குன்று. அதன் மறுபக்கம் ஆறு தோட்டத்து வீடுகள், ஒன்றுக்கொன்று கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். ஆறு வீட்டுக்காரர்களும் பங்காளிகள். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஒரு கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம். கரடு மறைப்பதால் எந்தக் கம்பெனி செல்போனும் அங்கே எடுக்காது. மொட்டை மாடியில் ஏறி, தலையைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கினால் இரண்டு வார்த்தை பேசலாம்.

அவர்களுக்கு இன்டர்நெட் வேண்டும் என்று மனுவுக்கு மேல் மனு. ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் கேபிள் இழுக்க மேலிடம் சம்மதிக்கவில்லை. ஆறு பேரும் சேர்ந்து ஒரே லைனாக வாங்கிக்கொள்கிறோம் என்றதும் சம்மதித்தது. கேபிள் யார் வீட்டில் வந்து இறங்குவது என்று கேட்டேன். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். பெரியவர் நாச்சிமுத்து வீட்டில் இறக்கலாம் என்றால் மற்ற ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. வேறு வீடு என்றால் நாச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் பொதுவான மோட்டார் ரூமில் இறங்கியது. அங்கிருந்து ஆறு வீட்டுக்கும் கம்பியில்லாமல் அனுப்ப, புதுச்சத்திரத்தில் கேமரா மாட்டுகிற கடைக்காரர் கூரைமேல் குழாய் நட்டு ஆறு சின்ன டிஷ் வைத்தார். உள்ளே சுவரில் ஒரு பலகை, ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் சின்ன விளக்கோடு ஒரு சுவிட்ச். இடி மின்னலுக்கு அணைத்து வைக்க வசதி என்று நினைத்து நானே அதைப் பாராட்டினேன்.

லைன் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, புகார் வந்தது. கொடுத்தவர் பழனிவேலு வீட்டு மருமகள் கோகிலா. அவர் கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போனவர், வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மாமியார் இல்லை. கையில் குழந்தை. கோகிலா ஏதோ ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் வகைப்படுத்துகிற வேலையில் சேர்ந்திருந்தார், வீட்டிலிருந்தே பார்ப்பது. சேர்ந்து புதிது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. லைன் அறுந்துகொண்டே இருந்தால் பெங்களூர் ஆபீசுக்கு வந்துவிடு, இல்லாவிட்டால் நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்களாம். குழந்தையை விட்டுவிட்டு எங்கே போவது? வேலையை விட்டால் இன்னொன்று கிடைக்கிற ஊரா இது?

போனேன். எல்லாம் வேலை செய்தது.

மறுபடி புகார், மறுபடி போனேன், மறுபடியும் வேலை செய்தது. ஆறு வீட்டிலும் பச்சை விளக்கு எரிகிறது. "நீங்க வந்தாத்தானுங்க சார் இது ஒழுங்கா இருக்குது" என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அந்த வருடம் நான் குடித்த இளநீருக்குக் கணக்கே இல்லை.

ஆனாலும் ஃபால்ட் இருக்கத்தானே வேண்டும்? தேடினேன். அந்தப் பக்கம் மயில் தொல்லை அதிகம். கேபிள்மேல் மூன்று நான்காக உட்கார்ந்து ஊஞ்சல் ஆடும். ஓரிடத்தில் கேபிள் தொய்ந்திருந்தது, அங்கே இணைப்பைப் பிரித்து மறுபடி செய்தேன். சொல்வது சுலபம். தலைமயிரைவிட மெலிசான கண்ணாடி இழை, காற்றில் தூசி. போஸ்ட் அடியில் பிளாஸ்டிக் தாளைக் கூடாரம் மாதிரி கட்டி, அதற்குள் குந்தி உட்கார்ந்து, மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். துடைத்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அது வந்தால்தான் சுத்தம். பிறகு நுனியைச் செங்குத்தாக வெட்டி மெஷினில் வைத்தால், திரையில் இரண்டு நுனியும் பெரிதாகத் தெரிந்து ஒன்றை ஒன்று நெருங்கும். ஒரு பொறி, ஒட்டிவிடும். மேலே உறை போட்டுச் சூடு காட்டி, ஆறவிட்டு, மீட்டரில் அளந்து பார்த்தால் துளி ஒளி நஷ்டம் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இனி வராது பாருங்கள் என்று கோகிலாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டே நாளில் அடுத்த புகார் வந்தது. மோடத்தை மாற்றினேன். பேட்டரியை மாற்றினேன். கரண்ட் ஏற்ற இறக்கமோ என்று மின்வாரியத்துக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், அவருக்கும் இளநீர் கிடைத்தது. கேமராக் கடைக்காரரிடம் உன் டிஷ்தான் கோளாறு என்று சண்டை போட்டேன். அவர் உங்கள் கேபிள்தான் கோளாறு என்றார். ஆபீசில் என்னைப் பார்த்தாலே "இன்னிக்குக் கரட்டுத்தோட்டமா சார்?" என்று கேலி.

ஒருநாள் அப்படித் திரும்பி வரும்போது புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்துத் தையல் கடையில் கோகிலா உட்கார்ந்திருந்தார். மடியில் கம்ப்யூட்டர், காலடியில் வெட்டுத் துணிக்குவியல்மேல் குழந்தை தூங்குகிறது. தையல் மெஷின் கடகடவென்று ஓட, ஒரு காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லைன் இல்லாத நாளில் குழந்தையை முன்னால் நிற்க வைத்து வண்டி ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவாராம், இங்கே செல்போன் எடுக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு நாளும் அந்தப் பெண்ணின் புகாரை நான் ஆபீஸ்காரர்கள் சொல்லித்தான் கேட்டிருந்தேன். "விட்டு விட்டு வருகிறது" என்பார்கள். ஜமால் சாராக இருந்தால் என்னைச் சைக்கிளில் திருப்பி அனுப்பியிருப்பார்.

"அம்மணி, ஒன்னும் விடாம உங்க வாயால சொல்லுங்க. லைன் எப்படிப் போகுது?"

"காலைல எந்திரிச்சுப் பாத்தா இருக்காதுங்க சார். அன்னிக்கும் இருக்காது, மக்யா நாளும் இருக்காது. அடுத்த நாள் வந்துருமுங்க."

"வந்துரும்னு எப்படித் தெரியும்?"

"மாமா சொல்லுவாருங்க. நாளான்னிக்கு வந்துரும் சாமி, பொறுத்துக்கன்னு. அவரு சொன்னாக் கரெக்டா வந்துரும்."

என் சர்வீசில் லைன் எப்போது போகும் என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். எப்போது வரும் என்று நாள் சொன்னவரைப் பார்த்ததில்லை. இலாகாவுக்கே தெரியாதது பழனிவேலுவுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் கிளம்பினேன், மண் தடத்தில் போகவில்லை. கரட்டைச் சுற்றி ஏரிப் பக்கமாகப் போய், வண்டியைச் சோளக்காட்டில் நிறுத்திவிட்டு நடந்தேன். பொழுது கிளம்புகிற நேரம். மோட்டார் ரூம் வாசலில் மம்பட்டியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள், தண்ணீர் கட்ட வந்தவர்கள் என்று நினைத்தேன். பழனிவேலு வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். பலகையில் ஒரு சுவிட்சை அணைத்தார். தன் வீட்டுச் சுவிட்சை. வெளியே வந்து, "ம், உங்குளுது போட்டுக்கங்க" என்றார். மற்ற இருவரும் உள்ளே போய்த் தங்கள் சுவிட்சைப் போட்டார்கள்.

நான் போட்ட சத்தத்தில் கரட்டில் இருந்த மயிலெல்லாம் கத்தியிருக்கும்.

விஷயம் இதுதான். லைன் வந்த முதல் வாரம் ஆறு வீட்டிலும் ஒரே நேரத்தில் சினிமா பார்த்திருக்கிறார்கள். வேகம் குறைந்தது. நீ அதிகம் எடுத்தாய், இல்லை நீதான் எடுத்தாய் என்று வாய்த்தகராறு. இவர்கள் அப்பாக்கள் காலத்தில் அதே கிணற்றுத் தண்ணீருக்காக மண்டை உடைந்து, கோர்ட்டுக்குப் போய், ஒரு தலைமுறை நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்தவர்கள். அப்புறம்தான் தண்ணீருக்கு முறை வைத்தார்கள். பொழுது கிளம்பினால் முறை மாறும், முறை முடிந்தவர் தானே வந்து தன் மடையை அடைத்துவிட்டுப் போக வேண்டும், அடுத்தவர் வந்து அடைக்கக் கூடாது. அந்த முறையைத் தூக்கி அப்படியே இன்டர்நெட்டுக்கு வைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வீடு. பழனிவேலுவோடு முறை முடிந்த மற்றவர் எனக்கு முன்பே வந்து அணைத்துவிட்டுப் போயிருந்தார். நான் மண் தடத்தில் வரும் புழுதி தெரிந்ததும் யாராவது ஓடிப்போய் ஆறையும் போட்டுவிடுவார்களாம்.

"ஏனுங்க போட்டீங்க?" என்று கத்தினேன்.

"ஆபீசர் வாரப்ப ஊட்ல லைட் எரியாம இருந்தா நல்லாருக்குமுங்களா?" என்றார் நாச்சிமுத்து. மரியாதையாம்!

ஆறு வீட்டு ஆட்களையும் மோட்டார் ரூம் வாசலுக்கு வரச் சொன்னேன். கோகிலாவும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். இது தண்ணீர் இல்லை, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு வற்றிப் போகாது, ஆறு பேருக்கும் சம அளவாகப் பிரித்து நானே மோடத்தில் பூட்டு வைத்துத் தருகிறேன், அதற்குமேல் யாராலும் எடுக்க முடியாது என்று தொண்டை வறளச் சொன்னேன். அங்கேயே பிரித்தும் வைத்தேன். ஆறு சுவிட்சையும் போட்டு, ஆறு பேர் போனிலும் ஒரே நேரத்தில் படம் ஓட்டிக் காட்டினேன். பார்த்தார்கள். தலையை ஆட்டினார்கள்.

"அதெல்லாஞ் சரீங்க சார்," என்றார் நாச்சிமுத்து. "அப்பறம் முறை?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. முறையே வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரமும் சொன்னேன். முறையை எடுத்துவிட்டால் சண்டை நாளைக்குக் கிணற்றில் வந்து நிற்கும் என்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு வேலை போகப் போகிறது, தெரியுமா என்று கேட்டேன். அதுவரை ஒருவருக்கும் தெரியாது. பழனிவேலுவுக்கே முழுதாகத் தெரியாது. ஏதோ கம்ப்யூட்டரில் தட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறார். அப்போதுதான் கோகிலா வாயைத் திறந்தார்.

"மாமா, நீங்கதான் அணைச்சீங்களா?"

அவர் நிமிர்ந்துதான் சொன்னார். "பின்ன? முறை இல்லாத நாளு ஒரு சொட்டு நம்மூடு எடுத்ததில்ல சாமி. யாரையும் ஒரு வார்த்தை சொல்ல உடமாட்டேன்."

"எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"கெணத்து முறையைப் பொம்பளைங்ககிட்ட யாரு சொல்லுவா?"

கோகிலா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. தையல் கடைத் துணிக்குவியல் என் கண் முன்னாலேயே இருந்தது.

நாச்சிமுத்து கிணற்றை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு பங்காளிகள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "புதுசா நட்ட வயலுக்கு மூணா நாளு உயிர்த்தண்ணி உடறதுக்கு முறை பாப்பமா? ஆரு முறையா இருந்தாலும் உட்டுத்தான் ஆகோணும். அந்தப் புள்ளை வேலை புதுசு. அது வேர் புடிக்கிற மட்டும் அவ சுவிட்சை ஒருத்தரும் தொட வேண்டாம்." எல்லாரும் அதுதான் நியாயம் என்றார்கள். நான் மீட்டர் வைத்து, படம் ஓட்டி, தொண்டை கிழியச் சொன்னது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. உயிர்த்தண்ணி என்றதும் ஏறிவிட்டது! அழுவதா சிரிப்பதா தெரியாமல் கருவிகளைப் பையில் போட்டேன். ஆனால் கோகிலாவின் லைன் அதன்பின் ஒரு நாளும் நிற்கவில்லை. போகப்போக முறையும் தளர்ந்து, ஆறு சுவிட்சும் எந்நேரமும் எரிய ஆரம்பித்தன. பெங்களூர்க்காரர்களும் அந்தப் பெண்ணை வரச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறச் சில வாரம் இருக்கும்போது, ஒருநாள் காலையில் கரட்டுத்தோட்டத்திலிருந்து ஐந்து புகார் அடுத்தடுத்து வந்தன. ஐந்து வீட்டிலும் லைன் இல்லை. இந்தத் தடவை நிஜமாகவே கேபிள் அறுந்துவிட்டது என்று, வழியெல்லாம் மயிலைத் திட்டிக்கொண்டே போனேன். மோட்டார் ரூம் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. வாசலில் ஐந்து வீட்டு ஆண்களும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். பழனிவேலு மட்டும் தள்ளிக் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். பலகையில் ஒரே ஒரு சுவிட்ச் எரிந்தது.

நேராகக் கோகிலா வீட்டுக்குப் போனேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்.

"அம்மணி, சாவி உங்ககிட்டயா இருக்குது?"

"ஆமாங்க சார். வேலை நேத்தோட நிரந்தரம் ஆயிருச்சுங்க. அதுக்குத்தான் இத்தனை நாளாக் காத்துட்டிருந்தேன்."

"எல்லாரும் ஒரே நேரத்துல எடுக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமல்ல? அணைக்கவே வேண்டியதில்லையே!"

"தெரியுமுங்க சார். தெரிஞ்சுதான் அணைச்சேன். பொழுது உழுந்ததும் போட்டுருவேன். ஒரே ஒரு நாளைக்கு அவங்களுக்கும் தெரியட்டுமுங்க."

கிணற்றடிக்குத் திரும்பி வந்தேன். ஐந்து பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பூட்டை உடைக்கலாமா சார், ஆபீசர் நீங்க சொன்னாச் சரிங்க என்றார் ஒருவர். கம்பிகூடக் கையில் தயாராக வைத்திருந்தார். நான் பழனிவேலுவைப் பார்த்தேன். அவர் கல்லிலிருந்து மெதுவாக எழுந்து வந்து, கதவுக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில் நின்றார்.

"ஆரும் தொட வேண்டாமுங்க," என்றார். "இன்னிக்கு அவ முறை."